சளி டப்பாவிலிருந்து 168-ஆம் நாள் வரை: அரசு காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் காசநோய்க்கான பரிசோதனை, மாத்திரை, தொடர் கண்காணிப்பு எல்லாமே தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். மருந்தும் நல்ல மருந்துதான். அப்படியிருந்தும் சிலருக்குச் சிகிச்சை தவறிப்போவது பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில்: டப்பாவில் சளிக்குப் பதில் எச்சில், 'எரர்' என்று வந்த ரிப்போர்ட்டை 'இல்லை' என்று வாசிப்பது, மூன்றாம் மாதம் உடம்பு தேறியதும் மாத்திரையை விடுவது. இந்தக் கேள்வி பதில்கள் அந்த இடங்களில் கூடுதலாக நின்று பேசும்.

எந்த இருமலுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும்?

இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் சளி கொடுத்துவிடுங்கள். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, பசியின்மை, சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இரண்டு வாரக் கணக்கு கிடையாது. ஒரு நாள் இருமலுக்கும் பரிசோதனை உண்டு.

சர்க்கரை நோயாளிகள், புகை, மதுப் பழக்கம் உள்ளவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், 60 வயது தாண்டியவர்கள், முன்பு ஒருமுறை காசநோய் வந்தவர்கள், வீட்டில் காசநோயாளி இருப்பவர்கள் ஆகியோருக்கு இருமலே இல்லாமலும் நோய் இருக்கலாம். எக்ஸ்ரே முகாம்களில் இவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் 'எனக்கு ஒன்றுமில்லையே' என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. இருமலுக்கு மருந்துக் கடையில் லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்கும், முழுதாக ஒழிக்காது. பத்து நாள் சுகமாகத் தெரியும், பரிசோதனையிலும் கிருமி சிக்காமல் போகலாம், நோய் உள்ளே வளரும். எந்த மருந்தானாலும் சளி கொடுத்த பிறகுதான்.

எங்கே போக வேண்டும்? என்ன எடுத்துப்போக வேண்டும்?

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், நகரமென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது ஜி.எச். வெளிநோயாளிப் பிரிவு. சளி பார்க்கும் லேப் அங்கேயே இல்லாவிட்டாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை, டப்பா போகும். வட்டார அளவில் காசநோய் அலகு ஒன்று இருக்கும். அதில் சிகிச்சை மேற்பார்வையாளர், லேப் மேற்பார்வையாளர், காசநோய் சுகாதாரப் பார்வையாளர் இருப்பார்கள். மாவட்டத்துக்குப் பொறுப்பு துணை இயக்குநர் (காசநோய்). எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணிலோ 104-லோ கேட்கலாம்.

ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல், பழைய எக்ஸ்ரே, முன்பு சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு ஆகியவை இருந்தால் கொண்டுபோங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் சளி கொடுக்கலாம்.

சளியை எப்படிக் கொடுக்க வேண்டும்?

லேபுக்குப் போகும் டப்பாக்களில் வீணாவது பெரும்பாலும் எச்சிலாலும் மூக்குச் சளியாலும்தான். கிருமி நுரையீரலில் இருக்கிறது. நெஞ்சிலிருந்து வரும் கோழைதான் வேண்டும். கையில் இரண்டு டப்பா தருவார்கள். ஒன்று அங்கேயே, வந்த உடனே. இன்னொன்று மறுநாள் விடிகாலை, எழுந்ததும். ராத்திரி முழுக்க தேங்கிய சளி என்பதால் காலைச் சளியில் கிருமி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தூரத்திலிருந்து வருகிறவர்களிடம் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டையும் வாங்கிவிடுவதும் உண்டு.

பேஸ்ட் போடாமல், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு ஆரம்பியுங்கள். சோற்றுப் பருக்கையோ வெற்றிலைத் துணுக்கோ கலந்தால் சோதனை கெடும். வீட்டு அறையிலோ கழிவறையிலோ வேண்டாம். மொட்டை மாடி, கொல்லைப்புறம் என்று காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். டப்பாவை உதட்டோடு ஒட்டிப் பிடித்து உள்ளே துப்புங்கள். 2 முதல் 5 மில்லி வேண்டும், அதாவது அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன். கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ கொழகொழவென்று இருந்தால் அது சளி. தண்ணீர் மாதிரி தெளிவாக, மேலே நுரையோடு நின்றால் எச்சில், மறுபடி முயலுங்கள். ரத்தக் கீற்று ஓடினால் பரவாயில்லை, வெறும் ரத்தமாக இருந்தால் லேபில் சொல்லுங்கள்.

மூடியை இறுக்கித் திருகி, நிமிர்த்தி வைத்து, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றினால் சளி கெட்டுவிடும். பெயர் டப்பாவின் உடம்பில் எழுதியிருக்க வேண்டும். மூடியில் எழுதினால், இரண்டு டப்பாவைத் திறந்து மாற்றி மூடும்போது யாருடையது எது என்பதே மாறிவிடும்.

சளியே வரவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். உப்பு நீராவி கொடுத்து வரவழைக்கும் முறை இருக்கிறது. எச்சிலைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். அதில் வரும் 'இல்லை' என்ற முடிவை நம்ப முடியாது.

சிபிநாட், ட்ரூநாட், மைக்ராஸ்கோப்... எதை நம்புவது?

மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமியாவது வேண்டும். சிபிநாட் என்கிற ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி நூற்றுச் சொச்சம் இருந்தாலே பிடித்துவிடும். கூடவே முக்கியமான காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லும், கருவிக்குள் போன இரண்டு மணி நேரத்தில். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் பேட்டரியில் ஓடும் சிறிய கருவி, சிறிய மருத்துவமனைகளுக்குத் தோது. அதில் கிருமி இருந்தால் ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு சிப் போட்டுப் பார்ப்பார்கள். அதனால் 'மைக்ராஸ்கோப்பில் நெகட்டிவ்' என்பதோடு நின்றுவிடாதீர்கள். அறிகுறி இருக்கிறது, எக்ஸ்ரேயில் மாற்றம் இருக்கிறது என்றால் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மைக்ராஸ்கோப்தான் மேல். சிகிச்சை நடுவே சிபிநாட் எடுத்தால் செத்த கிருமியின் மரபணுவும் அதில் 'பாசிட்டிவ்' என்று காட்டும். இரண்டு மாதம் கழித்துத் தனியாரிடம் காசு கொடுத்து சிபிநாட் எடுத்துப் பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கச் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், தேவைப்பட்டால் கல்ச்சரும் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது)தான் வழி.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கும்?

மைக்ராஸ்கோப் ரிப்போர்ட்டில் 3+, 2+, 1+ அல்லது 'ஸ்கேன்டி' என்று வரும். ஒரு பார்வைப் புலத்திலேயே (மைக்ராஸ்கோப்பில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம்) பத்துக்கு மேல் கிருமி என்றால் 3+. ஒன்றிலிருந்து பத்து வரை 2+. நூறு புலம் பார்த்து 10 முதல் 99 வரை என்றால் 1+. நூறு புலத்தில் ஒன்பதுக்குள் இருந்தால் ஸ்கேன்டி. 'ஸ்கேன்டிதானே' என்று விடக்கூடாது, அதுவும் நோய்தான்.

சிபிநாட் ரிப்போர்ட்டில் இரண்டு வரிகளைப் பாருங்கள். முதல் வரி கிருமி உண்டா இல்லையா. இரண்டாவது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா இல்லையா. எதிர்ப்பு 'இன்டிடர்மினேட்' என்று வந்தால் கிருமி உண்டு, மருந்து விஷயம் தெளியவில்லை என்று பொருள். இரண்டாவது சளியில் மறுபடி பார்க்க வேண்டும். 'எரர்', 'இன்வாலிட்', 'நோ ரிசல்ட்' என்று வந்தால் சோதனையே நடக்கவில்லை. கார்ட்ரிட்ஜ் கோளாறு, சளி ரொம்பக் கெட்டி, கரன்ட் போய்வந்தது என்று ஏதோ ஒன்று. அதை 'நெகட்டிவ்' என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். புதிய டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ரத்தத்தில் பார்த்தால் தெரியாதா? கையில் ஊசி போட்டுப் பார்க்கிறார்களே?

ரத்தத்தில் எதிர்ப்பான்களைத் தேடும் காசநோய்ச் சோதனைகளை இந்திய அரசு 2012-இல் தடை செய்துவிட்டது. நோய் இருப்பவருக்கு இல்லை என்றும், இல்லாதவருக்கு உண்டு என்றும் காட்டியதுதான் காரணம். கையில் போடும் மேன்டூ ஊசியும், இக்ரா என்னும் ரத்தச் சோதனையும் வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை: கிருமி எப்போதாவது உடம்புக்குள் வந்திருக்கிறதா? நம் ஊரில் பெரியவர்களில் நிறையப் பேருக்கு 'ஆம்' என்றுதான் வரும். வந்தால் நோய் என்று அர்த்தமில்லை.

கழுத்தில் கட்டி இருக்கிறது, இருமல் இல்லை. அதுவும் காசநோயா?

இருக்கலாம். நிணநீர்க் கட்டி, நுரையீரல் உறையில் நீர், முதுகெலும்பு, குடல், மூளை உறை என்று நகம், முடி தவிர எங்கும் வரும். கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிய திரவத்தை முழுக்க ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் 'சிபிநாட்டுக்கும் கொஞ்சம் தனியாக அனுப்புங்கள்' என்று சொல்லிவிடுங்கள். நுரையீரலுக்கு வெளியே மட்டும் இருந்தால் பொதுவாக மற்றவர்களுக்குப் பரவாது. மூளை உறை, எலும்புக் காசநோய்க்கு ஆறு மாதம் போதாது, ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம்.

நோய் உறுதியானால் அன்றைக்கு என்ன நடக்கும்?

நிக்ஷய் என்ற தளத்தில் பதிவு செய்து ஓர் அடையாள எண் தருவார்கள். அதைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். மருந்து, பணம், ஊர் மாற்றம் எல்லாம் அதை வைத்துத்தான். எச்.ஐ.வி., ரத்தச் சர்க்கரைச் சோதனைகள் எல்லாருக்கும் உண்டு. மீதிச் சளி, இன்னொரு காசநோய் மருந்தான ஐசோநயசிட்டுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய லேபுக்குப் போகும்.

2022 முதல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்று நடக்கிறது. சிகிச்சை தொடங்கும்போதே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு பார்த்து, எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். உடல் நிறைக் குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழ், இரண்டு காலிலும் வீக்கத்தோடு 16-க்குள், நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, ஆக்சிஜன் 94-க்குக் கீழ், பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்க வேண்டிய ஆள். காசநோய் இறப்புகளில் கணிசமானவை சிகிச்சையின் முதல் சில வாரங்களிலேயே நடக்கின்றன. அந்த வாரங்களுக்கான வலைதான் இது. எடைமெஷினில் ஏற்றாமலேயே மாத்திரை கொடுத்தால் நீங்களே ஏறி நில்லுங்கள். எவ்வளவு மாத்திரை என்பதும் அந்த எடையை வைத்துத்தான்.

எத்தனை மாத்திரை? எவ்வளவு நாள்?

சாதாரண காசநோய்க்கு மொத்தம் 168 நாள், தினமும். முதல் 56 நாள் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை: ஐசோநயசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எதாம்புட்டால் 275 மில்லிகிராம். பிறகு 112 நாள் பைரசினமைட் இல்லாத மூன்று மருந்து மாத்திரை. நரம்புக்காக பைரிடாக்சின் 10 மில்லிகிராம் கூடவே.

பெரியவர்களில் 25 முதல் 34 கிலோ வரை தினம் 2 மாத்திரை, 35–49 கிலோ 3, 50–64 கிலோ 4, 65–75 கிலோ 5, அதற்கு மேல் 6. ஓர் அட்டையில் 28 மாத்திரை. அதனால் கணக்கு எளிது: தினம் எத்தனை மாத்திரையோ நான்கு வாரத்துக்கு அத்தனை அட்டை. 44 கிலோ ஆளுக்கு 28 நாளில் மூன்று அட்டை காலியாக வேண்டும். அரை அட்டை மிச்சமிருந்தால் 14 மாத்திரை, ஐந்து நாள் போல விட்டுப்போயிருக்கிறது. மருந்து சரியாகப் போகிறதா என்று வீட்டில் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சிகிச்சை நடுவே எடை ஏறும், ஏற வேண்டும். 47 கிலோவில் தொடங்கியவர் 53-க்கு வந்துவிட்டால் 4 மாத்திரையாக மாற்ற வேண்டும். 5 கிலோவுக்கு மேல் ஏறி அடுத்த பிரிவுக்குள் நுழைந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இது கவனத்தில் வராமல் போவது சகஜம்.

குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரையும் தனி மாத்திரை. எதாம்புட்டால் வேறாக வரும். 4–7 கிலோவுக்கு 1, 8–11 கிலோவுக்கு 2, 12–15 கிலோவுக்கு 3, 16–24 கிலோவுக்கு 4. பெரியவர் மாத்திரையை உடைத்துப் பொடி செய்து கொடுக்காதீர்கள். அதில் மருந்துகளின் விகிதமே வேறு.

எப்போது சாப்பிடுவது? ஒரு நாள் மறந்துவிட்டால்?

எல்லா மாத்திரையையும் ஒரே வேளையில், வெறும் வயிற்றில். காலை எழுந்ததும் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து இட்லி சாப்பிடுவது பலருக்கு ஒத்துவருகிறது. குமட்டினால் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுப் போடலாம். மருந்து ஏறுவது சற்றுக் குறைந்தாலும், விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். காலை, மாலை என்று பிரித்துப் போடாதீர்கள். ஜெலுசில் போன்ற அமிலநீக்கி குடித்தால் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவுதான். இரட்டிப்பாகப் போடக்கூடாது. விட்ட நாள்கள் கடைசியில் சேர்ந்துகொள்ளும். காலண்டரில் ஆறு மாதம் ஆனாலும் 168 வேளை முடிந்தால்தான் முடிந்தது. தொடர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் விட்டவர் மறுபடி சளி கொடுத்து, எதிர்ப்பு பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ரிஃபாம்பிசினின் நிறம் அது. வியர்வை, கண்ணீர் எல்லாம் அப்படித்தான். வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டி கறைபடும், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடிக்கு மாறுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், வாந்தி, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, கண் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தால் கல்லீரல் பாதித்திருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாள் வரை தள்ளாதீர்கள். நிறுத்தினால் சிகிச்சை வீண் என்று பயப்பட வேண்டியதில்லை. ரத்தச் சோதனையில் கல்லீரல் அளவுகள் இறங்கியதும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து எது காரணம் என்று கண்டுபிடிப்பார்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே மாத்திரையையும் போடுவதுதான் இதில் நடக்கும் மோசமான தவறு. குடிப்பழக்கம் இருந்தால் இந்த ஆபத்து பல மடங்கு. ஆறு மாதம் கட்டாயம் விடுங்கள். விட முடியவில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், கல்லீரலை அடிக்கடி பார்த்துக்கொண்டே சிகிச்சை தர முடியும்.

பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ எதாம்புட்டால் காரணமாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். பாதத்தில் மதமதப்பு, எரிச்சல் ஐசோநயசிட்டால். பைரிடாக்சின் கூட்டித் தருவார்கள். மூட்டு வலி பைரசினமைட்டால், இரண்டு மாதத்தோடு பெரும்பாலும் போய்விடும். லேசான அரிப்புக்கு மாத்திரை உண்டு. தோல் உரிந்தாலோ வாய்ப்புண்ணோடு காய்ச்சல் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ரிஃபாம்பிசின் மற்ற மருந்துகளின் பலத்தைக் குறைக்கும். கருத்தடை மாத்திரை வேலை செய்யாது, ஆணுறையோ காப்பர்-டியோ வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகள், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின், எச்.ஐ.வி. மருந்து டோலுடெக்ராவிர் ஆகியவற்றின் அளவை மாற்ற வேண்டும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு முதல் நாளே டாக்டர் மேசையில் கொட்டுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். பால் கொடுக்கிறேன். சாப்பிடலாமா?

இதே நான்கு மருந்தைத்தான் கர்ப்பிணிகளுக்கும் தருகிறோம். சிகிச்சை எடுக்காத காசநோய்தான் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. தாய்ப்பால் கொடுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு.

ஒரு மாதத்திலேயே நன்றாகிவிட்டது. ஏன் ஆறு மாதம்?

சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே செத்துவிடும். இருமல் நிற்கும், பசி எடுக்கும், எடை ஏறும். தூங்கிக்கொண்டிருக்கும் கொஞ்சம் கிருமி மிச்சமிருக்கும். அது எப்போதாவது விழித்துப் பெருகும்போதுதான் மருந்தால் தொட முடியும். அதற்காகத்தான் மீதி நான்கு மாதம். சிகிச்சை நின்றுபோகும் ஆபத்து மூன்றாம் மாதத்தில்தான் அதிகம், காரணம் சுகம். கட்டட வேலைக்குத் திரும்புகிறவர், திருப்பூருக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர், கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்: கைப்பையில் அடுத்த அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாம் மாதக் கடைசியில் சளி பார்ப்பார்கள். அப்போதும் கிருமி இருந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுப்பார்கள். சிகிச்சை முடியும்போது இன்னொரு முறை. அன்றைக்கு இருமலே இல்லை, சளி வரவில்லை என்றாலும் போய்வாருங்கள்.

வீட்டில் தனித்தட்டு, தனி அறை வேண்டுமா?

தட்டு, டம்ளர், துணி, பாயால் காசநோய் பரவாது. காற்றில்தான் பரவும். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சானடோரியத்திலும் (தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனை) ஒரு குழுவுக்கு நெருக்கமான குடிசைப் பகுதி வீடுகளிலேயும் சிகிச்சை கொடுத்துப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தினருக்கும் கூடுதலாக நோய் வரவில்லை. உலகமெங்கும் வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழக்கம் பரவியதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். (தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்னும் 'சானடோரியம்' என்றுதான் பெயர், 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை இப்போதும் இருக்கிறது.)

மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம் மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்தால் காற்றோட்டமான இடத்தில் படுங்கள், சின்னக் குழந்தையோடு ஒட்டிப் படுக்காதீர்கள். கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள டப்பாவில் துப்பி எரித்துவிடுங்கள். பத்தியம் எதுவும் கிடையாது. முட்டை சூடு, கருவாடு ஆகாது என்று நிறுத்தாதீர்கள். உடம்புக்குப் புரதம் வேண்டிய நேரம் இது. முட்டை, பருப்பு, வேர்க்கடலை, சுண்டல், மீன் எது கைக்கெட்டுகிறதோ அது.

வீட்டில் மற்றவர்களுக்கு என்ன செய்வது?

எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மேன்டூ எல்லாம் வேண்டாம். நோய் இல்லை என்றால் நேரடியாகத் தொடங்கலாம். ஐசோநயசிட் மட்டும் தினமும் ஆறு மாதம், அல்லது ரிஃபாபென்டினோடு சேர்த்து வாரம் ஒரு முறை 12 வாரம். ஆரோக்கியமாக இருக்கும் ஆளை மாத்திரை சாப்பிட வைப்பதுதான் இதில் கஷ்டம். நோயுள்ளவருக்குத் தவறிப்போய்த் தடுப்பு மாத்திரை கொடுத்தால் எதிர்ப்பு உருவாகும், அதனால் இருமல் உள்ளவர் முதலில் சளி கொடுத்தாக வேண்டும்.

சாப்பாடும் தடுப்பு மருந்துதான். ஜார்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில், நோயாளி வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்ததில் அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

மாதம் 1,000 ரூபாய் என்கிறார்களே, எனக்கு வரவில்லை?

நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் தந்தார்கள். 2024 நவம்பர் 1 முதல் 1,000. நோய் உறுதியானதும் 3,000, சிகிச்சை 84 நாள் ஆனதும் 3,000 என்று இரண்டு தவணையாக வரும். வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வங்கி விவரம்: கணக்கில் ஆதார் இணையவில்லை, ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் வேறுவேறாக இருக்கிறது, நெடுநாள் புழங்காமல் கணக்கு முடங்கியிருக்கிறது, வங்கி இன்னொன்றோடு இணைந்து ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியது தெரியாமல் பழைய பாஸ்புக் நகலையே கொடுத்திருக்கிறார்கள். முதலில் வங்கிக்குப் போய் இந்த நான்கையும் சரிபார்த்து, புதிய பக்கத்தின் நகலோடு சிகிச்சை மேற்பார்வையாளரைப் பாருங்கள். சொந்தக் கணக்கு இல்லாவிட்டால் ரத்த உறவினர் கணக்கைக் கொடுக்க வழி உண்டு.

தனியார் டாக்டரிடம்தான் பார்ப்பேன். அரசு மாத்திரை கிடைக்குமா?

கிடைக்கும். 2012 முதல் காசநோயைத் தனியாரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்படிப் பதிவானால் டாக்டரை மாற்றாமலே சிபிநாட், மாத்திரை, உதவித்தொகை மூன்றும் உண்டு. ஊர் மாறினால் நிக்ஷய் எண்ணைச் சொல்லி, போகிற ஊரின் அலகுக்கு மாற்றச் சொல்லுங்கள். கையில் இரண்டு வார மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். இனி?

ரிஃபாம்பிசின் எதிர்ப்பு என்றால் வேறு மருந்து, இன்னும் நெருக்கமான கண்காணிப்பு. முன்பு 18 முதல் 20 மாதம், தினமும் ஊசி என்றெல்லாம் இருந்தது. பெடாகுயிலின், பிரிடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த 26 வாரச் சிகிச்சைக்கு 2024-இல் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கும் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கும் இது கிடையாது, அவர்களுக்கு வேறு முறை. நடுவில் இ.சி.ஜி.யும் ரத்த அணு எண்ணிக்கையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லினசோலிட் ரத்தத்தையும் கால் நரம்பையும் பார்வையையும் பதம்பார்க்கும். புதிதாக நோய் வந்தவருக்கு, எதிர்ப்பு வரக் காரணமே தெரியவில்லை என்றால், இரண்டாவது சளியில் மறுபடி உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்பது தவறில்லை.

168 நாள் முடிந்தது. அவ்வளவுதானா?

மறுபடி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும். அதனால் 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் ஒரு முறை போய்க் காட்டுங்கள். நடுவில் இரண்டு வாரம் இருமினால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எக்ஸ்ரேயில் தழும்பு காலத்துக்கும் இருக்கும். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில், குறிப்பாக வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு, அந்தத் தழும்பே சிக்கலாவதுண்டு. அதனால் சிகிச்சை அட்டை, கடைசிச் சளி ரிப்போர்ட், முதல் எக்ஸ்ரேயும் கடைசி எக்ஸ்ரேயும் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, மேலே நிக்ஷய் எண்ணை எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பத்திரமாக வையுங்கள்.